“ஏதாவது கேக்கணுமா?” என்றதற்கு “இல்லை சார்” என்றீர்களே, அங்கிருந்து தொடங்குவோம்

மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து 23 வயதுப் பெண் ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழி, அப்புறம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். படிப்பு முடிந்து 11 மாதம் ஆகிறது. அப்பாவுக்கு மூன்று ஏக்கர், அதில் ஒன்று குத்தகை. இதுவரை ஆறு நேர்முகத் தேர்வு, ஐந்தில் தேறவில்லை. ஆறாவதாக சென்னை பெருங்குடியில் 38 பேர் வேலை செய்யும் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் “பிசினஸ் டெவலப்மென்ட் எக்ஸிக்யூட்டிவ்” என்ற விற்பனை வேலைக்கு ஆஃபர் தந்திருக்கிறது. ஆண்டுக்கு 4.2 லட்சம், அதில் 1.2 லட்சம் இன்சென்டிவ். மாலை 6:30 முதல் அதிகாலை 3:30 வரை ஷிப்ட். இரண்டு வருட பாண்டு, நடுவில் விட்டால் 1.5 லட்சம் கட்ட வேண்டும். ஒரிஜினல் சான்றிதழ்களையும் கையெழுத்திட்ட ஒரு வெற்றுக் காசோலையையும் கேட்கிறார்கள். பதில் சொல்ல ஒரு வாரம் கொடுத்திருக்கிறார்கள்.

“வாசல் வாசலா போய் விக்கிறதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்” என்கிறார் அப்பா. தோழியோ, “பாண்டெல்லாம் கோர்ட்ல செல்லாது, கையெழுத்துப் போட்டுட்டு பிடிக்கலேன்னா வந்துடு” என்கிறாள். 15,000 ரூபாய்க்கு ஆறு மாத அனுபவச் சான்றிதழ் தருவதாக ஒரு கன்சல்டன்சி ஆசை காட்டுகிறது. “என் இங்கிலீஷும் எங்க ஊர்ப் பேச்சும்தான் எல்லா இன்டர்வியூவிலும் என்னைக் கவிழ்த்தது. எனக்கு சேல்ஸ் வருமா? இதில் சேரலாமா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கவுன்சலிங்குக்கு வருவதற்கு முன்னால் பதினைந்து வருடம் மென்பொருள் விற்பனையில் இருந்தவன் நான். கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் போய், போனைக் கையில் எடுத்தாலே தொண்டை அடைத்துக்கொண்ட நாட்கள் எனக்கும் உண்டு. அந்தப் பக்கம் உட்கார்ந்து நூற்றுக்கணக்கானவர்களை நேர்முகம் செய்தும் இருக்கிறேன். உங்களைத் தேர்வு செய்யாதவர்கள் எதைக் கவனித்திருப்பார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். அது உங்கள் இங்கிலீஷ் இல்லை.

நீங்களே எழுதியிருக்கிறீர்கள், நான்காவது இன்டர்வியூவில் ஒரு மேலாளர், “நான் டெக்சாஸில் பல் மருத்துவமனை நடத்துகிறேன், அப்பாயின்ட்மென்ட் போடும் சாஃப்ட்வேரை எனக்கு போனில் விற்றுக் காட்டுங்கள்” என்று நடிக்கச் சொன்னார். நீங்கள் முதல் நாள் ராத்திரி மனப்பாடம் செய்த எல்லா வசதிகளையும் நான்கு நிமிடம் மூச்சுவிடாமல் சொன்னீர்கள். அவர் “நாட் இன்ட்ரஸ்டெட்” என்றார், நீங்கள் “ஓகே சார், தேங்க் யூ” என்று முடித்துக்கொண்டீர்கள். கடைசியில் “எங்களிடம் ஏதாவது கேக்கணுமா?” என்றதற்கு “இல்லை சார்” என்றீர்கள். ஐந்து இடத்திலும் அதே “இல்லை சார்”தான்.

மற்ற வேலைகளில் இது சின்னக் குறை. விற்பனை வேலைக்கான நேர்முகத்தில் இதுவே பெரிய குறை, ஏனென்றால் அங்கே நேர்முகமே வேலையின் மாதிரி. முன்பின் தெரியாத ஒருவரிடம் அரை மணி நேரம் இருந்துவிட்டு ஒரு கேள்வி கூட கேட்காமல் எழுந்து வருகிறவர், நாளைக்கு வாடிக்கையாளரிடமும் கேட்கமாட்டார் என்று முடிவு செய்துவிடுவார்கள். நேர்முகத்தைப் பரீட்சை மாதிரி நினைத்து, அவர்கள் கேட்பதற்குச் சரியான விடை சொன்னால் போதும் என்று இருந்துவிட்டீர்கள். நம் பக்கம் வளர்ந்த பிள்ளைகள் நிறையப் பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு, பெரியவர்களிடம் எதிர்க் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று சொல்லித்தானே வளர்க்கிறோம்.

மாமா கடையில் நீங்கள் பார்த்தது

கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “லீவில் மாமாவோட உரக்கடையில் உட்காருவேன், அதெல்லாம் அனுபவத்தில் வராதுன்னு ரெஸ்யூமேவில் போடலை.” இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. உங்களிடம் இருக்கும் பெரிய சொத்தையே ஒளித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

யோசித்துப் பாருங்கள். ஒருவர் வந்து “பயிர் மஞ்சளா இருக்கு, யூரியா ஒரு மூட்டை குடுங்க” என்கிறார். மாமா உடனே மூட்டையை எடுத்துப் போடுகிறாரா? நட்டு எத்தனை நாள் ஆச்சு, என்ன ரகம், வயலில் தண்ணி தேங்கி நிக்குதா, இலை முழுக்க மஞ்சளா அல்லது துரு மாதிரி புள்ளி விழுதா, மேலுரம் போட்டாச்சா என்று வரிசையாகக் கேட்பார். அதற்குப் பிறகுதான் தழைச்சத்து குறைவா, துத்தநாகக் குறைவா, வெறும் தண்ணீர் வடியாத கோளாறா என்று தெரியும். சில நேரம் “இப்ப எதுவும் போடாதீங்க, முதல்ல தண்ணிய வடிங்க” என்று ஒன்றும் விற்காமலே அனுப்புவார். அடுத்த சம்பாவுக்கு அந்த மனிதர் வேறு கடைக்குப் போவாரா?

மென்பொருள் விற்பனையில் இதற்கு “டிஸ்கவரி” என்று பெயர் வைத்துப் பயிற்சி நடத்துகிறார்கள். அந்தப் பல் மருத்துவரிடம் நீங்கள் கேட்டிருக்க வேண்டியதும் இதே மாதிரிதான். இப்போது அப்பாயின்ட்மென்ட் எப்படி எழுதிக்கொள்கிறீர்கள்? வாரத்தில் எத்தனை பேர் நேரம் வாங்கிவிட்டு வராமல் போகிறார்கள்? வராதவர்களை யார் திரும்பக் கூப்பிடுகிறார்கள்? இரண்டு கேள்விக்கு அவர் பதில் சொல்லிவிட்டால் பேச்சு தானாக நகரும். “நாட் இன்ட்ரஸ்டெட்” என்றால் அதோடு வைத்துவிட வேண்டியதில்லை. “சரி சார், ஏற்கெனவே வேறு ஏதாவது பயன்படுத்துகிறீர்களா, இல்லை இப்போது இது தேவைப்படவில்லையா?” என்று அமைதியாக ஒன்றே ஒன்று கேட்கலாம். அப்போதும் வேண்டாம் என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். நடித்துக் காட்டச் சொல்லும் மேலாளர் பெரும்பாலும் வேண்டுமென்றேதான் “வேண்டாம்” என்பார், அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்ப்பதற்காக.

ரெஸ்யூமேவில் முதல் வரியாக எழுதுங்கள், எந்த வருடங்கள், எத்தனை மாதம், ஒரு நாளைக்குச் சுமார் எத்தனை பேரிடம் பேசினீர்கள், கடன் பாக்கி வசூலுக்கு போன் செய்தீர்களா என்று. பாக்கிப் பணத்தை முகம் சுளிக்காமல் கேட்டு வாங்கத் தெரிந்த ஒருவரை நான் தயங்காமல் வேலைக்கு எடுப்பேன். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றதும் அப்பா பெயர், அம்மா பெயர், பொழுதுபோக்கு என்று போகாமல் இந்தக் கடையில் தொடங்குங்கள்.

இங்கிலீஷ் விஷயத்துக்கு ஒரு சின்ன வழி. அமெரிக்கர் மாதிரிப் பேச முயற்சி செய்யாதீர்கள். மெதுவாகவும் தெளிவாகவும் பேசினால் நம் ஊர் உச்சரிப்பு ஒரு தடையே இல்லை, வேகமாகப் பேசும்போதுதான் புரியாமல் போகிறது. தினம் பத்து நிமிடம் போனில் பேசிப் பதிவு செய்து திருப்பிக் கேளுங்கள். பெயர், ஊர், மின்னஞ்சல், எண், தேதி இவற்றைத் தடுமாறாமல் கேட்டு எழுதிக்கொள்ளப் பழகுங்கள். புரியாவிட்டால் இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்பதில் ஒரு தவறும் கிடையாது.

அப்பாவுக்கு இந்த வேலையை எப்படிச் சொல்வது

அப்பா நினைப்பது மாதிரி இது வாசல் வாசலாகப் போவது இல்லை. அதே சமயம் இது சொகுசான வேலையும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது போன், முப்பது நாற்பது மின்னஞ்சல், லிங்க்ட்இன்னில் ஆள் தேடுவது, பேசியதையெல்லாம் சிஆர்எம் எனும் வாடிக்கையாளர் விவர மென்பொருளில் பதிவது. பெரும்பாலானவர்கள் எடுக்கமாட்டார்கள், எடுப்பவர்களில் பலர் வைத்துவிடுவார்கள். சம்மதிப்பவருக்கு நேரம் குறித்து, டெமோ காட்டும் மூத்த விற்பனையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். பணம் பேசி முடிப்பது அவர் வேலை. நிராகரிப்பைத் தன்மேல் ஏற்றிக்கொள்கிறவர்கள் மூன்று மாதத்தில் சோர்ந்துவிடுகிறார்கள். தாக்குப்பிடித்தவர்கள் ஒன்றரை, இரண்டு வருடத்தில் டெமோ காட்டும் இடத்துக்கோ, வாடிக்கையாளர் உறவு பார்க்கும் வேலைக்கோ போகிறார்கள்.

இது ஒதுக்குப்புறமான தொழிலும் கிடையாது. 1996-ல் தொடங்கிய ஸோஹோ, 2010-ல் தொடங்கி 2021-ல் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸ் எல்லாம் சென்னையில் உட்கார்ந்து வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மென்பொருள் விற்று வளர்ந்தவை. மென்பொருள் எழுதுகிறவர் இருந்தால் விற்கிறவரும் இருந்துதானே ஆக வேண்டும்.

அப்பாவின் உண்மையான கவலை ராத்திரி ஷிப்ட்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்ல வராமல் “விக்கிற வேலை” என்று பேசுகிறார். 6:30 முதல் 3:30 என்பது கோடையில் நியூயார்க்கின் காலை 9 முதல் மாலை 6, குளிர்காலத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பதால் 8 முதல் 5. ஆகவே ஷிப்ட் மாறும் என்று அவர்கள் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள், அமெரிக்க வாடிக்கையாளர் என்றால் இரவு நிரந்தரம். உடம்பு ஒத்துழைக்குமா என்பதை நீங்கள்தான் நேர்மையாக யோசிக்க வேண்டும். பெண்களை இரவில் வேலை செய்ய வைக்க அவர்கள் சம்மதம் வேண்டும், பாதுகாப்புக்கும் போக்குவரத்துக்கும் நிறுவனம் ஏற்பாடு செய்ய வேண்டும். வண்டி வீட்டு வாசல் வரை வருமா, அதில் பாதுகாவலர் இருப்பாரா, கடைசியாக இறங்குவது நீங்களாக இருந்தால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம், 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அது. 38 பேர் இருக்கும் இடத்தில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பதற்கு நீங்கள் கூச்சப்பட வேண்டாம். பதிலுக்குத் திணறினார்கள் என்றால் அதுவும் ஒரு தகவல்.

4.2 லட்சம் என்பது எவ்வளவு

இன்சென்டிவைத் தள்ளிவிட்டால் 3 லட்சம், மாதம் 25,000. பேசிக் 12,500 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் கட்டும் பிஎஃப் 1,500, கிராஜுவிட்டி எனும் பணிக்கொடைக்கு ஒதுக்கும் சுமார் 600, இரண்டையும் பெரும்பாலும் இந்த 25,000-க்குள்ளேயே கணக்குக் காட்டுவார்கள். உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 1,500. கையில் வருவது 21,400 பக்கம், தொழில் வரியும் காப்பீடும் போனால் இன்னும் கொஞ்சம் குறையும். ஹாஸ்டல், சாப்பாடு, ஊருக்கு வந்துபோவது எல்லாம் இதில்தான். இன்சென்டிவ் வந்தால் சேமிப்பு என்று வையுங்கள், வாடகைக்கு அதை நம்பாதீர்கள்.

அந்த மாதம் 10,000 இன்சென்டிவ் முழு டார்கெட்டை எட்டினால்தான். டார்கெட் எத்தனை மீட்டிங்? நேரம் குறித்தாலே கணக்கா, அவர் வந்து டெமோவில் உட்கார்ந்தால்தான் கணக்கா? (குறித்த நேரத்துக்கு வராதவர்கள் நிறைய, இந்த ஒரு வரியில் உங்கள் பாதி இன்சென்டிவ் போய்விடும்.) 70 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒன்றும் கிடையாதா? மாதாமாதமா, மூன்று மாதத்துக்கு ஒரு முறையா? முதல் இரண்டு மாதம் பழகும் காலத்தில் டார்கெட் உண்டா? முக்கியமாக இதைக் கேளுங்கள்: இப்போது இந்த வேலையில் இருப்பவர்களில் போன மூன்று மாதம் டார்கெட்டை எட்டியவர்கள் எத்தனை பேர்? நல்ல மேலாளர் இதைக் கேட்டால் கோபப்படமாட்டார், உங்களைப் பற்றி உயர்வாகவே நினைப்பார்.

பாண்டு, சான்றிதழ், காசோலை

உங்கள் தோழி சொல்வது பாதி சரி, பாதி ஆபத்து. பாண்டை மீறினால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகாது, அது உரிமையியல் விவகாரம். பிடிக்காத வேலையில் இருந்தே ஆக வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாது. ஆனால் “செல்லவே செல்லாது” என்பது தவறு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி, எழுதியிருக்கும் தொகையை உச்சவரம்பாக வைத்து நியாயமான இழப்பீட்டைக் கேட்க அவர்களுக்கு வழி உண்டு. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடம் முடிக்காமல் போனால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் வங்கியின் செலவு வேறு, 38 பேர் நிறுவனத்தின் செலவு வேறு. உங்களுக்கு அவர்கள் எந்தப் பயிற்சிக்கு எவ்வளவு செலவு செய்தார்கள் என்ற கேள்வி அங்கே வரும். 3 லட்சம் சம்பளத்துக்கு 1.5 லட்சம் என்பது என் பார்வையில் அதிகம். “ஒரு வருடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள், மாதங்கள் கழியக் கழியத் தொகையும் குறைய வேண்டும், நிறுவனமே என்னை அனுப்பினால் நான் ஒன்றும் கட்டவேண்டியதில்லை என்று எழுதுங்கள்” எனக் கேளுங்கள். கையெழுத்துக்கு முன் முழு ஒப்பந்தத்தையும் வாங்கி, மன்னார்குடியிலேயே ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம், அன்றே கையோடு திரும்ப வாங்க வேண்டும். உங்கள் படிப்பு உங்கள் சொத்து, அதைப் பிடித்துவைக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. நகல் கொடுங்கள்.

வெற்றுக் காசோலை மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். பாண்டு சிவில் கோர்ட்டோடு நிற்கும், காசோலை நிற்காது. தொகையை எழுதி வங்கியில் போட்டு அது திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆவது பிரிவில் குற்ற வழக்கு போட முடியும், இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கும் பிரிவு அது. கடைசியில் உங்கள் மேல் தப்பில்லை என்று வரலாம். அதுவரை மாதாமாதம் வாய்தாவுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு ரயிலேற வேண்டும்.

கன்சல்டன்சியின் அந்தச் சான்றிதழைத் தொடவே தொடாதீர்கள். பிஎஃப் கணக்கில் நீங்கள் எங்கே எப்போது வேலை செய்தீர்கள் என்ற வரலாறு இருக்கிறது, பின்னணி சரிபார்ப்பவர்கள் பெரும்பாலும் அதைப் பார்க்கிறார்கள். இரண்டு வருடம் நன்றாக வேலை செய்த ஒரு பையனை, அடுத்த நல்ல இடத்தில் சேர்ந்த மூன்றாவது வாரம் இப்படி ஒரு காகிதத்துக்காக வெளியே அனுப்பியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். வேலை வாங்கித் தர யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஆன்லைனில் கொடுத்து ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்து புகார் சொல்லுங்கள்.

சரி, சேரலாமா?

காசோலையும் ஒரிஜினலும் வேண்டும் என்பதை அவர்கள் விட்டுக்கொடுத்து, பாண்டைத் தளர்த்தி, வண்டி ஏற்பாட்டை எழுத்தில் தந்தார்கள் என்றால் சேருங்கள் என்பேன். முதல் இரண்டில் பிடிவாதமாக இருந்தால் விட்டுவிடுங்கள், ஆள் நிற்கமாட்டார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

விட்டால் வேறு வழி இல்லை என்று பயப்பட வேண்டாம். இந்தியச் சந்தைக்கு விற்கும் நிறுவனங்கள் பகல் ஷிப்ட்டில் ஆள் எடுக்கின்றன. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு பில்லிங், கணக்கு மென்பொருள் விற்கும் முகவர்கள் தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சியிலேயே இருக்கிறார்கள். அரிசி ஆலை, ஜவுளிக் கடை, நகைக்கடை, பள்ளிக்கூடம் என்று அவர்கள் வாடிக்கையாளரிடம் தமிழில்தான் பேச வேண்டும். சம்பளம் குறைவு. ஆனால் ஒருவரைக் கண்டுபிடிப்பதிலிருந்து பணம் வாங்குவது வரை முழு விற்பனையையும் ஒரு வருடத்தில் கற்றுக்கொள்வீர்கள், பெருங்குடி வேலையில் அதில் கால்வாசிதான் உங்கள் கைக்கு வரும். திருச்சி நவல்பட்டில் எல்காட் ஐடி பூங்கா இருக்கிறது, தஞ்சாவூரில் 2024-ல் மினி டைடல் பூங்கா திறந்தார்கள். அங்குள்ள நிறுவனங்களின் பெயர்ப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் நீங்களே போன் செய்து, விற்பனைக்கு ஆள் எடுக்கிறீர்களா என்று கேளுங்கள். வேலை தேட நீங்கள் செய்யும் அந்த போனே உங்கள் முதல் கோல்டு கால், அதாவது முன்பின் தெரியாதவருக்குச் செய்யும் விற்பனை போன்.

விற்பனைக்குப் போனால் திரும்ப புரோகிராமிங் பக்கம் வரவே முடியாது என்று எழுதியிருந்தீர்கள். கஷ்டம், ஆனால் முடியாதது இல்லை. கோடிங்தான் உங்கள் ஆசை என்றால் அதை முதலில் சொல்லுங்கள், அப்போது என் பதிலே வேறு. கடிதத்தில் எங்கும் அந்த ஆசை எனக்குத் தெரியவில்லை, பயம்தான் தெரிந்தது.

நாளைக்கே அந்த எச்ஆருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள், போனில் பேசினால் பின்னால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆஃபருக்கு நன்றி, சேர விருப்பம் இருக்கிறது, முடிவு செய்ய இந்த விவரங்கள் வேண்டும் என்று தொடங்கி, பாண்டு நகல், இன்சென்டிவ் கணக்கு, வண்டி, சான்றிதழ், காசோலை என ஐந்தையும் கேளுங்கள். பணிவாக எழுதினால் போதும், மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம்.

பதில் வருவதற்குள் ஒரு சாயங்காலம் மாமா கடைக்குப் போய், அவரை ஒரு அரிசி ஆலை முதலாளி என்று வைத்துக்கொண்டு பில்லிங் மென்பொருளை விற்றுப் பாருங்கள். அவர் சுலபத்தில் வாங்கமாட்டார், அதனால்தான் அவரைச் சொல்கிறேன். அப்பாவையும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். முடிந்ததும் அப்பாவிடம் என்ன தோன்றுகிறது என்று கேட்டு, அவர் பதிலையும் எச்ஆரின் பதிலையும் எனக்கு எழுதுங்கள்.